ஐசியு வாசலில் நிற்பவர்கள்: கேள்வி பதில்

பன்னிரண்டு வருடம் ஐசியுவில் நர்ஸாக இருந்தேன். அப்புறம் அதே ஐசியு வாசலில் காத்துக் கிடக்கும் குடும்பங்களைப் பற்றிய ஆய்வுப் பக்கம் வந்துவிட்டேன். கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்ததை ஒன்றாக்கியிருக்கிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கு எந்தச் சிகிச்சை சரி என்று மட்டும் கேட்காதீர்கள், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டர்தான் சொல்ல முடியும்.

கேள்வி: அப்பாவைப் பார்க்க ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் விட்டார்கள். கேட்டால் கிருமி தொற்றிவிடும் என்றார்கள். நிஜமாகவே அதுதான் காரணமா அக்கா?

பதில்: நானும் பல வருடம் இதே பதிலைச் சொல்லித்தான் ஆட்களை வெளியே அனுப்பியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். இத்தாலியில் ஒரு ஐசியுவில் இரண்டு மாதம் கெடுபிடி, இரண்டு மாதம் தாராளம் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். 226 நோயாளிகள், 2006இல் வெளியானது. தாராளமாக விட்ட மாதங்களில் அறையில் கிருமி அதிகம் இருந்தது உண்மைதான், ஆனால் நோயாளிகளுக்குத் தொற்று கூடவில்லை. இதயம், ரத்த ஓட்டம் சார்ந்த சிக்கல்களோ கெடுபிடி மாதங்களில்தான் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சின்ன ஆய்வு, ஒரே இடம், அதை மட்டும் வைத்து அடித்துப் பேச முடியாது. பெரியது பிரேசிலில் 36 ஐசியுக்களில் நடந்தது, 2019இல் வந்தது. நாளைக்கு 12 மணி நேரம் வரை வீட்டார் இருக்கலாம் என்று விட்டும் தொற்று கூடவில்லை, நர்ஸ்களும் டாக்டர்களும் அதனால் கூடுதலாகச் சோர்ந்துபோகவும் இல்லை. அதற்காகக் கையைக் கழுவாமல் போகலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சளி, காய்ச்சல் இருந்தால் வாசலோடு நின்றுவிடுங்கள்.

கேள்வி: அம்மா மூன்றாம் நாள் எங்களையே அடையாளம் தெரியாமல் பேசினார், டியூபைப் பிடுங்கப் போனார். யாராவது ஒருவர் கூடவே இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது, இல்லையா?

பதில்: அதற்கு டெலிரியம் என்று பெயர். நோய், மருந்து, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து மூளையைப் படுத்தும் பாடு. பிரேசில் ஆய்வு முக்கியமாகத் தேடியதே இதைத்தான். கூட இருக்க விட்ட காலத்தில் 18.9 சதவீதம் பேருக்கு வந்தது, விடாத காலத்தில் 20.1 சதவீதம். அதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆகவே நாம் இல்லாததால்தான் வந்தது என்று உங்களை நீங்களே அரித்துக்கொள்ள வேண்டாம். அதே ஆய்வில் வீட்டாரின் பதற்றமும் மனச்சோர்வும் மட்டும் குறைந்திருந்தன. இந்தத் துறையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: குடும்பத்தை உள்ளே விட்டால் நோயாளி சீக்கிரம் எழுந்துவிடுவார் என்று சத்தியம் செய்ய ஆதாரம் போதாது, ஆனால் குடும்பம் நொறுங்கிப்போவது குறைகிறது. கதவைத் திறக்க எனக்கு அது ஒன்றே போதும்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பெரியவர், ராத்திரி முழுக்க மாஸ்க்கைக் கழற்றிக் கழற்றி எறிந்தார். இப்போது மணி இரண்டு, அதோ கடிகாரம், பாருங்கள் ஐயா என்று நாங்கள் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். காலையில் அவர் மனைவி வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து அவருக்குப் போட்டுவிட்டார். பெரியவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டார். சேர்க்கும்போது கண்ணாடியையும் காது மெஷினையும் நாங்களே கழற்றிப் பையில் போட்டு வெளியே கொடுத்திருந்தோம்! கண்ணாடி, காது மெஷின், பல்செட், இந்த மூன்றையும் கேட்டு உள்ளே கொடுத்துவிடுங்கள், எப்போது போடலாம் என்று நர்ஸ் சொல்வார்.

கேள்வி: என் கணவருக்கு வீட்டிலேயே சிபிஆர் (நின்ற இதயத்தை மார்பை அழுத்தி மீட்கும் முயற்சி) செய்தார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் என்னை அடுத்த அறைக்குப் போகச் சொன்னார்கள். நான் போயிருக்கக் கூடாதோ என்று இன்றும் தோன்றுகிறது.

பதில்: போகச் சொன்னார்கள், போனீர்கள். அதில் உங்கள் தவறு என்று எதுவும் இல்லை அம்மா. இதைச் சரியாக ஆராய்ந்தது பிரான்ஸில், 15 அவசர ஊர்திக் குழுக்கள், 570 உறவினர்கள், 2013இல் வெளியானது. ஒரு பக்கம், "கூட இருக்கிறீர்களா?" என்று முறையாகக் கேட்டு, ஒருவர் பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டே இருந்தார். மறுபக்கம் வழக்கம்போல விட்டுவிட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், கெட்ட கனவு, திடுக்கிடல் மாதிரி அதிர்ச்சிக்குப் பிந்தைய தொல்லைகள் கேட்கப்படாத பக்கத்தில்தான் அதிகம். பிழைத்தவர் எண்ணிக்கையோ குழுவின் வேலையோ பாதிக்கப்படவில்லை. இது புது யோசனையும் இல்லை, அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஃபூட் ஆஸ்பத்திரி 1982லேயே, உறவினர் விடாப்பிடியாகக் கேட்டதால், இப்படி அனுமதிக்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் ஆய்வில் நடந்தது என்ன என்பதைக் கவனியுங்கள்: கேட்டார்கள், விருப்பத்தை மதித்தார்கள், துணைக்கு ஓர் ஆளை நிறுத்தினார்கள். யாரும் துணைக்கு இல்லாமல் மூலையில் நிற்க வைத்துவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது. வேண்டாம் என்பவரைப் பிடித்து நிறுத்துவதும் அநியாயம்.

கேள்வி: டாக்டர் தினமும் பேசத்தான் செய்கிறார். வெளியே வந்ததும் என்ன சொன்னார் என்று கேட்டால் எங்களில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறோம். எங்களுக்குத்தான் புத்தி போதவில்லையா?

பதில்: புத்திக்குக் குறை ஒன்றும் இல்லை. பிரெஞ்சு ஐசியு ஒன்றில் 2000லேயே சோதித்துப் பார்த்தார்கள், என்ன நோய், என்ன சிகிச்சை, இனி என்ன ஆகும் என்பதில் ஏதோ ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ளாதவர்கள் பாதிப் பேருக்கு மேல். 2004இல் அமெரிக்காவில் குடும்பக் கூட்டங்களைப் பதிவு செய்து நேரம் கணக்கிட்டபோது, பேச்சில் 71 சதவீதம் மருத்துவர் தரப்பு, 29 சதவீதம்தான் குடும்பம். குடும்பம் பேசிய பங்கு கூடக்கூட அவர்களுக்குத் திருப்தியும் கூடியது. மூன்று வருடம் கழித்து பிரான்ஸில் 22 ஐசியுக்களில், மரணம் நெருங்கிய நோயாளிகளின் குடும்பங்களோடு நிதானமாகப் பேசிப் பார்த்தார்கள். கூட்டம் 20 நிமிடத்திலிருந்து 30 நிமிடமானது, குடும்பம் பேசிய நேரம் 5 நிமிடத்திலிருந்து 14 ஆனது. மூன்று மாதம் கழித்து அதிர்ச்சித் தொல்லைகள் 69 சதவீதத்திலிருந்து 45க்கு இறங்கியிருந்தன. பத்து நிமிடம்தான் கூடுதல்! கூடவே துக்கத்தைப் பற்றி ஒரு கையேடும் கொடுத்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது: ஒருவரைப் பேசவும் ஒருவரை எழுதவும் வையுங்கள். கடைசியில், "நான் புரிந்துகொண்டது இதுதான், சரியா டாக்டர்?" என்று திருப்பிச் சொல்லுங்கள். 'ஸ்டேபிள்' என்ற வார்த்தையிடம் ஜாக்கிரதை. டாக்டர் சொல்வது நேற்றைய எண்கள் இன்றும் மாறவில்லை என்பதை. வீட்டார் காதில் விழுவது தேறிக்கொண்டிருக்கிறார் என்று. வென்டிலேட்டர் என்ற மூச்சு மெஷினில், ரத்த அழுத்தத்துக்கு மூன்று மருந்து ஓடிக்கொண்டிருப்பவரும் ஸ்டேபிள்தான்.

கேள்வி: முடிவை நீங்களே எடுங்கள் என்று எங்கள் தலையில் கட்டுகிறார்களே, அது நியாயமா?

பதில்: ஐசியு நோயாளிகளின் உறவினரைப் பின்தொடர்ந்த பிரெஞ்சு ஆய்வில் (2005) மூன்றில் ஒருவருக்கு அதிர்ச்சித் தொல்லைகள் இருந்தன, முடிவுகளில் பங்கெடுத்தவர்களிடம் இன்னும் அதிகம். அதற்காக முடிவிலிருந்து உங்களை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டியூபை எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்டால் யாரால் தாங்க முடியும்? அவர் இப்போது எழுந்து உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தால் என்ன சொல்வார் என்று கேட்டால் குடும்பம் பேசும். அதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நாங்கள் இதைச் செய்வதுதான் சரி என்று நினைக்கிறோம்" என்று டாக்டர் தன் தோளையும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நீங்களே கேளுங்கள்: உங்கள் சிபாரிசு என்ன டாக்டர்?

கேள்வி: நல்ல எண்ணத்தோடு செய்து சொதப்பியது உண்டா?

பதில்: உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. இறந்தவரின் குடும்பத்துக்கு ஐசியுவிலிருந்து இரங்கல் கடிதம் அனுப்பினால் ஆறுதலாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். பிரான்ஸில் சோதித்தார்கள், 2017இல் வெளியானது. துக்கம் குறையவில்லை, ஆறு மாதத்தில் மனச்சோர்வும் அதிர்ச்சித் தொல்லைகளும் கடிதம் பெற்றவர்களிடம் கூடுதலாக இருந்தன. சரி என்று விட்டுவிடாமல் அதே ஆய்வாளர்கள் வேறு வழி பிடித்தார்கள்: இறப்புக்கு முன் ஒரு சந்திப்பு, இறக்கும் நேரத்தில் அறைக்கே போய்ப் பார்ப்பது, இறந்த பிறகு இன்னொரு சந்திப்பு. 34 ஐசியுக்கள், 2022. நீண்ட நாள் தீராத துக்கம் 21 சதவீதத்திலிருந்து 15க்குக் குறைந்தது. தபாலில் வந்ததும் நேரில் வந்ததும் ஒன்றல்ல என்று நான் படிக்கிறேன், ஆனால் அது என் வாசிப்புதான்.

கேள்வி: ஐசியு டைரி என்கிறார்களே, எழுதலாமா?

பதில்: எழுதலாம். நோயாளி நினைவில்லாமல் கிடக்கும் நாட்களில் என்ன நடந்தது என்று வீட்டாரும் நர்ஸ்களும் அவருக்காக எழுதிவைக்கும் நோட்டுதான் அது. 2010இல் ஆறு ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோது நோயாளிகளுக்கு மனஅதிர்ச்சி நோய் 13.1 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்கியது. 2019இல் பிரான்ஸில் 35 ஐசியுக்களில் பார்த்தபோது சொல்லும்படி எதுவும் குறையவில்லை. கெடுதல் இல்லை, அதிசயமும் இல்லை.

கேள்வி: குழந்தைக்கு ஏதோ சரியில்லை என்று எமர்ஜென்சியில் சொல்லிக்கொண்டே இருந்தேன். எண்கள் எல்லாம் நார்மல் என்றார்கள்.

பதில்: பெற்றோர் "இவன் இப்படி இருக்க மாட்டான்" என்றால் அது ஒரு தகவல். இங்கிலாந்தில் 13 வயது மார்த்தா மில்ஸ் 2021இல் இறந்த பிறகு வந்த மார்த்தா விதியின்படி, கவலை தீரவில்லை என்றால் குடும்பமே வேறொரு மருத்துவக் குழுவை அழைத்துப் பார்க்கச் சொல்லலாம். 2024இல் 143 ஆஸ்பத்திரிகளில் தொடங்கியது. உங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், பொத்தாம்பொதுவாகப் பயமாக இருக்கிறது என்று நிறுத்திக்கொள்ளாமல், காலையில் எப்படி இருந்தான், இப்போது எது மாறியிருக்கிறது என்று சொல்லுங்கள்: "காலையில் என்னைப் பார்த்துச் சிரித்தான், ஒரு மணி நேரமாகக் கூப்பிட்டால் கண்ணைத் திறப்பதில்லை." அப்படிச் சொன்னதைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

கேள்வி: நான் புதிதாக ஐசியுவில் சேர்ந்த நர்ஸ். இரண்டு வென்டிலேட்டர் நோயாளிகளை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு உட்கார்ந்து பேச நேரம் எங்கே அக்கா இருக்கிறது?

பதில்: உட்கார வேண்டாம் தங்கச்சி. முதல் முறை உள்ளே வருபவர் கட்டிலிலிருந்து மூன்றடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு, எதைத் தொட்டால் எது கழன்றுவிடுமோ என்று மானிட்டரையே பார்த்துக்கொண்டு நிற்பார். உன் பெயரைச் சொல். ஊசி ஏறாத கை எது என்று காட்டு. "இந்தக் கையைப் பிடிக்கலாம், பேசலாம், அந்த மெஷின் கத்தினால் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு உன் வேலையைப் பார்.