வாங்கும் முன் கேளுங்கள்: மெட்டல் ரசிகர்களின் கடிதங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹெவி மெட்டல் ரசிகர்களுடையவை. கிட்டார், பழைய இசைத்தட்டு, போர்ப் பொம்மை, டிக்கெட் என்று எல்லாம் கலந்து வந்திருக்கிறது. சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: அண்ணா, மாமா விட்டுப்போன பெட்டியில் பிளாக் சபாத் குழுவின் முதல் எல்.பி. இசைத்தட்டு கிடைத்தது. லேபிளில் கறுப்பு வெள்ளைச் சுழல் இருக்கிறது. அதைக் கேட்பதற்காகவே சூட்கேஸ் மாதிரி மூடுகிற பிளேயர் ஒன்று வாங்கினேன். பாஸ் கனமாக வரும் இடத்தில் ஊசி தாவுகிறது. பிளேயரில் பழுதா? – கோவை

பதில்: பழுதில்லை, அந்தப் பிளேயரே அப்படித்தான். முதலில் தட்டை எடுத்து உறையில் போடுங்கள். சுழல் லேபிள் என்றால் வெர்டிகோ நிறுவனம் எழுபதுகளின் தொடக்கத்தில் அடித்த பிரதியாக இருக்க வாய்ப்பு உண்டு. உலகம் முழுக்க ஆட்கள் தேடி வாங்குகிற சரக்கு அது. பாட்டு முடிந்து லேபிளைச் சுற்றி வழுவழுப்பாக ஒரு வளையம் இருக்கும் பாருங்கள், அதில் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். அதை இசைத்தட்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் ஒப்பிட்டால் எந்தப் பிரதி என்று தெரிந்துவிடும்.

இந்த சூட்கேஸ் பிளேயர்களில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிஜ் பெரும்பாலும் செராமிக்தான். ஊசி 5 கிராம் அளவுக்கு அழுத்தும். நல்ல காந்தக் கார்ட்ரிஜுக்கு 2 கிராம் சுமார் போதும். போதாக்குறைக்கு ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் இருப்பதால், பாஸ் அதிரும்போது ஊசியும் சேர்ந்து அதிர்கிறது. ஊசி தாங்கும் கையின் பின்னால் திருகிச் சரிசெய்யும் எடை, மாற்றக்கூடிய ஊசி, இந்த இரண்டும் உள்ள டர்ன்டேபிளைத் தேடுங்கள். ஊசியின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் போனோ பிரீஆம்ப் உள்ளேயே இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அதற்குத் தனிச் செலவு. அதுவரை மாமாவின் தட்டை நிற்க வைத்த வாக்கில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். மே மாத மதியத்தில் மூடிய காருக்குள் விட்டால் வளைந்துவிடும்.

கேள்வி: 'குட்' நிலை என்று போட்டிருந்த பழைய ரெக்கார்டை வாங்கினேன். ஒரே பொரிகிற சத்தம். விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார். இது ஏமாற்றுதானே? – மதுரை

பதில்: இல்லை. ரெக்கார்டு விற்பவர்களின் வரிசை மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட் என்று இறங்கி, அதற்கும் கீழேதான் குட் வரும். கீறல், தேய்மானம், இரைச்சல் எல்லாம் இருக்கும், தாவாமல் ஓடும் என்பதே அதற்கு அர்த்தம். தட்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து எடுத்த படம் கேட்டீர்களா? ஒரு பக்கமாவது ஓட்டிக் காட்டச் சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் இரண்டுமே இல்லை. அவர் வேறு பிரதியின் படத்தைக் காட்டியிருந்தால் மட்டும் மறுபடி எழுதுங்கள். அது வேறு வழக்கு.

கேள்வி: ஒரே ஆல்பம், கறுப்புத் தட்டும் இருக்கிறது, முழுக்க படம் அச்சடித்த தட்டும் இருக்கிறது. எது? – புதுச்சேரி

பதில்: கேட்பதற்குக் கறுப்பு, சுவரில் மாட்டப் படத்தட்டு. படத்தட்டுகளில் பொதுவாக அடி இரைச்சல் அதிகம். நான் ஆசையாக வாங்கிய ஒன்று, முதல் பாட்டு தொடங்கும் முன்பே எண்ணெய்ச் சட்டி மாதிரி இரைந்தது.

கேள்வி: பத்து நாள் முன்பு 22,000 ரூபாய்க்கு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினேன். 12-ஆவது ஃபிரெட்டுக்கு மேல் இரண்டு கம்பிகள் ஒலிக்காமல் அடைத்துக்கொள்கின்றன. கிட்டார் பழுது பார்ப்பவர், கழுத்தே முறுக்கியிருக்கிறது என்கிறார். கடையில் போய்க் கேட்டால் பில்லைக் காட்டுகிறார்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருக்கிறது. அப்பா கடன் வாங்கிக் கொடுத்த பணம். – சேலம்

பதில்: தம்பி, அந்த ஒரு வரியைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். துணிக்கடையிலிருந்து செல்போன் கடை வரை பில்லின் அடியில் அதை அடித்து வைத்துவிட்டு, அதுதான் சட்டம் என்பதுபோல் பேசுகிறார்கள். நம் ஆட்களும் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுகிறார்கள்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு குறித்திருந்தால் அந்தக் கெடுவுக்குள் எடுக்க வேண்டும். குறிக்கவில்லை என்றால் 30 நாள். நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுக்க இந்தப் பிரிவு உதவாது. ஆனால் உங்களுடையது குறையுள்ள பொருள், அதுவும் பத்தே நாளில் தெரிந்த குறை.

அடுத்து கடைக்காரர் என்ன சொல்வார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "டிரஸ் ராடைத் திருகினால் சரியாகிவிடும்" என்பார். கழுத்துக்குள் ஓடும் அந்தக் கம்பி, கழுத்து முன்னும் பின்னும் வளைவதைத்தான் சரிசெய்யும். முறுக்கலை எடுக்காது. ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் திருகி, அந்த ராடு அறுந்தால் பழி உங்கள் மேல் விழும்.

செய்ய வேண்டியது இது. பழுது பார்ப்பவரிடம் குறையை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து கழுத்தின் நீளத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தால் கம்பிகளை மேல்முனையில் தாங்கும் நட்டும் கீழ்முனையில் தாங்கும் பிரிட்ஜும் ஒரே மட்டத்தில் இல்லாதது தெரியும். அதே கோணத்தில் ஒரு படம் எடுங்கள். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி, 15 நாள் கெடு வைத்து, கடைக்கு ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் சேலத்திலேயே தொடுக்கலாம். இரண்டு வருடம் வரை அவகாசம் இருக்கிறது, ஆனால் ஆறப்போடாதீர்கள். அப்பாவிடம் பில்லைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். வெப்பத் தாள் பில் சில மாதத்தில் வெளுத்துவிடும், இன்றே படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: முதல் கிட்டார் வாங்கப் போகிறேன். ஃபிளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் உள்ளதுதான் வேண்டும். டிராப் டி, டிராப் சி என்று சுருதியை மாற்றி மாற்றி வாசிக்க ஆசை. – திருச்சி

பதில்: இரண்டு ஆசையும் ஒன்றாகச் சேராது. ஃபிளாய்ட் ரோஸ் மாதிரி மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியின் சுருதியை இறக்கினால் மற்ற ஐந்தும் ஏறும். நட்டைத் தளர்த்த, இறுக்க என்று அலன் கீயோடு அரைமணி நேரம் போய்விடும். அசையாத பிரிட்ஜ், அதை ஒட்டி, கம்பியின் ஒலியை வாங்கும் ஹம்பக்கர் பிக்கப், அது போதும். டிராப் சி என்றால் 9 என்ற மெல்லிய கம்பி தொளதொளக்கும், 11 என்ற தடித்த கம்பி கட்டுங்கள். பிளாக் சபாத்தின் கிட்டார்காரர் டோனி ஐயோமி மெல்லிய கம்பியில் வாசிக்கவில்லையா என்று பதில் எழுத வேண்டாம். அவர் பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலை வேலையில் வலக்கை விரல்நுனிகளை இழந்தவர். இடக்கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்துவது அந்தக் கைதான். அழுத்தம் குறையத்தான் அவருக்கு மெல்லிய கம்பி.

கேள்வி: கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் பாஸ் (Boss) நிறுவனத்தின் எச்.எம்.-2 பெடல், ஜப்பானில் செய்தது, செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். விளக்கு மங்கலாக எரிகிறது, சத்தத்திலும் உயிரில்லை. விற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை. – சென்னை

பதில்: அவரைத் திட்டுவதற்கு முன் பெடலைப் பாருங்கள். பழைய எச்.எம்.-2-இல் அடாப்டர் துளைக்கு அருகில் ஏ.சி.ஏ. என்று பழைய அடாப்டர் ரகத்தின் பெயர் இருக்கும். இப்போதைய 9 வோல்ட் பி.எஸ்.ஏ. அடாப்டரைக் குத்தினால் அந்த ரகப் பெடல்களில் விளக்கு மங்கும். புது 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்கள். அதில் விளக்கு பளிச்சென்று எரிந்தால் பெடல் நன்றாகத்தான் இருக்கிறது. பேட்டரியிலும் மங்கினால் மட்டும் விற்றவரைத் துரத்துங்கள்.

தெருமுனை எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் அடாப்டரை இதில் குத்தவே குத்தாதீர்கள். பெரும்பாலான கிட்டார் பெடல்களுக்கு நடுமுனை நெகடிவ். அந்த அடாப்டர்களில் அநேகமாக நடுமுனை பாசிடிவ். அடாப்டரின் முதுகில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி அரைவட்டம், இரண்டு பக்கமும் கூட்டல், கழித்தல் குறிகள் போட்ட சின்னப் படம் இருக்கும். அதைப் பார்க்காமல் குத்தி எத்தனையோ பெடல்கள் கருகியிருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு எச்.எம்.-2 தேடக் கிளம்புகிறவர்களுக்கு: ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டூடியோவில் என்டூம்ட் மாதிரிக் குழுக்கள் எல்லாக் குமிழையும் முழுக்கத் திருகி எடுத்த ரம்ப ஒலி இதிலிருந்து வந்ததுதான். 1983-இல் வந்து 1991-இல் நின்றுபோன பெடல். ஆனால் 2021-இல் அதே நிறுவனம் வாசா கிராஃப்ட் வரிசையில் மறுபடி வெளியிட்டுவிட்டது. பழசுக்குக் கண்டபடி விலை சொல்கிறவரிடம் மயங்க வேண்டியதில்லை.

கேள்வி: 399 ரூபாய்க்கு வாங்கிய 'ஒரிஜினல்' பேண்டு டி-சர்ட். மூன்றாவது துவைப்பில் மண்டையோட்டின் பாதி உரிந்துவிட்டது. – ஈரோடு

பதில்: அந்த விலையில் குழுவுக்கு உரிமத் தொகை போயிருக்கும் என்று எப்படி நம்பினீர்கள்? உரிமம் பெற்ற சட்டையில் படத்தின் அடியிலோ கழுத்துப் பட்டையிலோ பதிப்புரிமை வரி இருக்கும். உரிந்தது ஒட்டுப் படம், அல்லது சூடு போதாமல் போன அச்சு. பிளாஸ்டிசால் மை 160 டிகிரி சூட்டில் வெந்தால்தான் துணியோடு பிடிக்கும். பக்கத்தில் திருப்பூரை வைத்துக்கொண்டு இதற்கு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்! அங்கே அச்சடிப்பவர் யாரைக் கேட்டாலும் அச்சை இழுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்.

கேள்வி: இரண்டே வருடத்தில் என் தோல் ஜாக்கெட் தோள்பட்டையில் செதில் செதிலாக உரிகிறது. – நாகப்பட்டினம்

பதில்: தோல் அப்படி உரியாது. அது துணிமேல் பூசிய பாலியூரித்தேன். கடலோரக் காற்றின் ஈரத்தில் அந்தப் பூச்சு தானாகவே சிதையும், போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் சிதையும். எனக்கும் இப்படி ஒன்றை அசல் தோல் என்று சொல்லித்தான் விற்றார்கள். மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது உள்சட்டை முழுக்கக் கறுப்புப் பொடி. பில்லிலோ விளம்பரத்திலோ 'அசல் தோல்' என்று எழுதியிருந்தால் உங்களிடம் வழக்கு இருக்கிறது, 1915-ஐக் கூப்பிடுங்கள். வாய்ப்பேச்சு மட்டும் என்றால் கஷ்டம். அடுத்த முறை உள்பக்கம், வெட்டு விளிம்பைப் பாருங்கள். துணி நெசவு தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: வார்ஹாமர் என்ற போர் விளையாட்டின் பொம்மைகள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. பெட்டி இல்லை, பொம்மை மட்டும். வாங்கலாமா? – பெங்களூரு

பதில்: பெட்டி இல்லாத ரெசின் பொம்மை பாதி விலை என்றால் பெரும்பாலும் அச்சு எடுத்து வார்த்த நகல். காற்றுக் குமிழி, மழுங்கிய முகம், வளைந்த வாள் எல்லாம் இருக்கும். அந்த விளையாட்டில் வரும் ஆயுதத்தின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட போல்ட் த்ரோவர் குழுவைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். செதுக்கியவருக்குக் காசு போகட்டும். பணம் இடிக்கிறது என்றால், ஆடி முடித்தவர்களிடம் பழைய பிளாஸ்டிக் பொம்மைகளை வாங்கிப் பெயின்ட்டை எடுத்துவிட்டு மறுபடி பூசுங்கள்.

கேள்வி: ஜெர்மனியிலிருந்து வரும் இசைத்தட்டு பாக்ஸ் செட்டைப் 'பரிசு' என்று எழுதி அனுப்பச் சொன்னால் சுங்க வரி தப்புமா? – சென்னை

பதில்: தப்பாது. 2019 டிசம்பருக்குப் பிறகு பரிசுக்கான விலக்கு ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான். பொய் எழுதச் சொல்லி மாட்டிக்கொண்டால் எனக்கு எழுதாதீர்கள்.

கேள்வி: என் மகன் மெட்டல் கச்சேரிக்குப் போகக் காதில் வைக்கும் பிளக் கேட்கிறான், சில ஆயிரம் ஆகும் என்கிறான். பாட்டுக் கேட்கப் போகிறவனுக்குக் காதை அடைக்க எதற்கு? – ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: அம்மா, உங்கள் மகன் பொறுப்பான பையன். வாங்கிக் கொடுங்கள். 85 டெசிபல் ஓசையை ஒரு நாளில் 8 மணி நேரம்தான் காது தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கணக்கு. 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மெட்டல் மேடைக்கு முன்னால் அதைத் தாண்டிவிடும். ஒருமுறை போன செவித்திறன் திரும்பாது. பஞ்சு மாதிரி மஞ்சள் பிளக் காதைக் காப்பாற்றும், ஆனால் மேல் ஸ்தாயியை அதிகமாக விழுங்கிவிடுவதால் பாட்டு மந்தமாகக் கேட்கும். அதனால்தான் உள்ளே ஃபில்டர் வைத்த ரகத்தைக் கேட்கிறான். கழுவிக் கழுவிப் பல வருடம் பயன்படுத்தலாம்.

கேள்வி: பெங்களூரு நிகழ்ச்சிக்கு இன்ஸ்டாகிராமில் ஒருவரிடம் இரண்டு டிக்கெட் வாங்கினேன். யு.பி.ஐ.யில் 15,000 ரூபாய். வாசலில் ஸ்கேன் செய்தபோது, ஏற்கெனவே உள்ளே போய்விட்டது என்று வந்தது. தங்கையையும் கூட்டிப் போயிருந்தேன். வெளியே நின்று கேட்டுவிட்டுத் திரும்பினோம். நேற்று நடந்தது. – ஓசூர்

பதில்: இதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிடித்த குழு இந்தப் பக்கம் வருவதே அபூர்வம், அந்தத் தவிப்பை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். ஒரே கியூ.ஆர். படத்தை நாலு பேருக்கு விற்றிருப்பான். முதலில் வந்தவர் உள்ளே, மற்ற மூவரும் வெளியே.

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 1930-ஐ அழையுங்கள். சைபர் மோசடிக்கான எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க முடிந்தால் மீட்க வழி உண்டு, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். யு.பி.ஐ. பரிவர்த்தனை எண், அவனுடைய யு.பி.ஐ. முகவரி, உரையாடலின் படங்கள், வாசலில் மறுத்த டிக்கெட், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அவனைத் திட்டி எதுவும் அனுப்ப வேண்டாம். கணக்கை மூடிவிட்டு ஓடிவிடுவான். உங்கள் வங்கியிலும் இன்றே எழுத்துமூலம் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 30 நாளில் வங்கி பதில் சொல்லாவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. 2011 அக்டோபரில் குர்கானில் மெட்டாலிகா நிகழ்ச்சி கடைசி நேரத்தில் ரத்தானது பலருக்கு நினைவிருக்கும். அப்படி ரத்தானால் பணம் திரும்புவது டிக்கெட்டை முதலில் வாங்கியவருடைய கணக்குக்கு. இடையில் வாங்கியவருக்கு ஒன்றும் வராது. அதனால் மறுவிற்பனை என்றால், டிக்கெட் தளத்துக்குள்ளேயே உங்கள் பெயருக்கு மாற்றித் தருகிறவரிடம் மட்டும் வாங்குங்கள். கியூ.ஆர். படம் அனுப்புகிறேன் என்றால் வேண்டாம்.

ஓசூர் தம்பி, 1930-இல் புகார் எண் கொடுத்ததும் எனக்கு எழுதுங்கள். வங்கிக்கான கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.