பச்சை விளக்கைப் பார்த்துப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் மொத்த மளிகை வியாபாரம் செய்கிறேன். பண்ருட்டியில் ஒரு கிளை இருக்கிறது. அங்கே பில் போடும் மென்பொருள், கடலூரில் உள்ள கணினியோடு இணைந்தால்தான் ஓடும். ஃபைபர் அறுந்தால் சிம் கார்டு வழியாகத் தானே டயல் செய்து இணைந்துகொள்ளும் ரவுட்டர் என்று சொல்லி, புதுச்சேரிக் கடைக்காரர் ஒருவர் பொருத்திக் கொடுத்திருக்கிறார். பச்சை விளக்கு எரிகிறது, மீதிப் பணத்தைக் கொடுங்கள் என்கிறார். எதைப் பார்த்துக் கொடுப்பது?

பதில்: விளக்கைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். சிம் பக்கத்து விளக்கு எரிந்தால் டவர் கிடைத்திருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. ரவுட்டர் டயல் செய்து இணைய முகவரி வாங்கியதா, அந்த வழியில் கடலூர்க் கணினியை எட்டியதா, பில் அச்சாகி வெளியே வந்ததா என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

பொருத்த வருபவர்கள் வழக்கமாகக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. ஃபைபர் மோடத்திலிருந்து ரவுட்டருக்கு வரும் கேபிளைப் பிடுங்குவார்கள், சில நொடிகளில் சிம்முக்கு மாறிவிடும், பார்த்தீர்களா என்பார்கள். கேபிள் இல்லை என்பது எந்த ரவுட்டருக்கும் உடனே தெரியும். ஆனால் லாரி கம்பியை இழுத்துக்கொண்டு போவது தெருவில். அப்போது உங்கள் மேசையில் மோடத்தின் மின்விளக்கு எரிந்துகொண்டிருக்கும், கேபிளும் செருகியபடியே இருக்கும். ரவுட்டரின் கண்ணுக்கு எல்லாம் சரி.

ஆகவே கேபிளைத் தொடவேண்டாம். மோடத்தின் பின்னால் பச்சைத் தலையோடு செருகியிருக்கும் மெல்லிய ஃபைபர் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். அதைக் கடைக்காரரே செய்யட்டும். அதன் முனையை யாரும் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவேண்டாம், அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஒளி வரவில்லை என்று காட்டும், எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாகும். அந்த நொடியிலிருந்து கடிகாரத்தைப் பாருங்கள்.

இங்கே ஒரு கேள்வி கேளுங்கள்: இணைய நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எந்தப் பெட்டியில் போடப்பட்டிருக்கின்றன? ரவுட்டரில் என்றால், பிபிபிஓஇ என்ற, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறையில் ரவுட்டரே டயல் செய்கிறது. மறுமுனை இருக்கிறதா என்று அவ்வப்போது விசாரித்து, பதில் வராவிட்டால் இணைப்பை விட்டுவிடும். மோடத்தில் போட்டிருந்தால் ரவுட்டருக்கு வெளியுலகம் தெரியாது. வெளியே உள்ள ஒரு முகவரிக்குப் பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்பிப் பார்க்கும்படி அமைத்திருக்கவேண்டும். அந்த முகவரியையும் காட்டச் சொல்லுங்கள். 192.168 என்று தொடங்கினால் அது பெரும்பாலும் மோடத்தின் முகவரியேதான். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் ஊர் நிலவரம் கேட்பதுபோல. தெருவில் என்ன ஆனாலும் அது பதில் சொல்லிக்கொண்டே இருக்கும், ரவுட்டரும் மாறாது.

10 நொடிக்கு ஒரு பிங், மூன்று தவறினால் மாறு என்று வைத்திருந்தால் அரை நிமிடமும், அதற்கு மேல் சிம் இணையும் நேரமும் ஆகும். இரண்டு நிமிடத்துக்குள் பில் போட முடிந்தால் உங்கள் கடைக்குப் போதும் என்பேன். ஆனால் கைப்பேசியில் வேகச் சோதனை காட்டினால் ஏற்காதீர்கள். அந்தக் கைப்பேசி தன்னுடைய சிம்மில் ஓடிக்கொண்டிருக்கலாம். கிளையின் கணினியில் ஒரு பில் போடுங்கள், ஒரு இ-வே பில் எடுங்கள், 10 எம்பி அளவுள்ள கோப்பு ஒன்றைக் கடலூருக்கு அனுப்புங்கள். பிங் போகிறது, சிறிய பக்கங்கள் திறக்கின்றன, கோப்பு மட்டும் பாதியில் நிற்கிறது என்றால் பாக்கெட் அளவை, அதாவது தரவைத் துண்டு துண்டாக அனுப்பும்போது ஒரு துண்டின் அளவை, சரியாக அமைக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். வழக்கமான அளவு 1500 பைட். பிபிபிஓஇ வழியில் 1492. மேலே விபிஎன் (இணையத்துக்குள் இரண்டு இடங்களை இணைக்கும் தனிப் பாதை) போட்டால் இன்னும் குறையும். பொருத்தியவர் உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை அது.

சிம் வழியில் இன்னொரு சிக்கல். மொபைல் நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து எட்டமுடியாத முகவரிகளையே தருகின்றன. 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றிலோ தொடங்கும். கடலூரிலிருந்து பண்ருட்டியைக் கூப்பிட வழியில்லை. கிளை ரவுட்டர்தான் கடலூரைக் கூப்பிட்டு விபிஎன் அமைக்கவேண்டும். உங்கள் கடைக்காரர் அதை எதிர்ப்பக்கமாக அமைத்திருந்தால் ஃபைபரில் எல்லாம் ஓடும், சிம்மில் எதுவும் ஓடாது.

பிறகு ஃபைபரைத் திரும்பச் செருகுங்கள். ரவுட்டர் தானே பழைய வழிக்கு வருகிறதா? இதைப் பலர் பார்ப்பதே இல்லை. சிம்மிலேயே தங்கிவிட்டால் அன்றாட டேட்டா வரம்பை விண்டோஸ் அப்டேட் ஒன்றே தின்றுவிடும். கடைசியாக மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ரவுட்டர் யுபிஎஸ்ஸில், மோடம் சுவர் பிளக்கில் என்று நான் பார்த்த கடைகள் நம் ஊரில் நிறைய. 2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த மாவட்டத்தில் இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: புதுச்சேரியில் ஆடிட்டர் அலுவலகம் வைத்திருக்கிறேன். பழைய டயல்-அப் மோடம் உள்ள ரவுட்டர் மலிவாக வருகிறது. லேண்ட்லைனில் செருகி அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். மோடத்தின் உச்ச வேகமே நொடிக்கு 56 கிலோபிட். 10 எம்பி கோப்பு இறங்க, எல்லாம் சரியாக நடந்தால்கூட, 24 நிமிடம் ஆகும். அதைவிட முக்கியமாக, உங்கள் லேண்ட்லைன் ஃபைபர் பெட்டியிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஃபைபர் அறுந்ததும் டயல் டோனும் போய்விடும். மாற்று வழி என்பது வேறு வழியில் வரவேண்டும். இரண்டாவது ஃபைபர் வாங்கினாலும் அதே கம்பத்தில் வந்தால் இதே கதைதான்.

கேள்வி: (கடலூர் வாசகரே தொடர்கிறார்) ரவுட்டரின் கடவுச்சொல்லைக் கேட்டால், அது எங்களிடமே இருக்கட்டும் என்கிறார். சிம்மும் அவர் பெயரில். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: முதலில் பணத்தை நிறுத்துங்கள், பிறகு ஆணையத்தைப் பற்றி யோசிக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிய பொருளுக்கு விலக்கு உண்டு. தனியாளாக ஒரு ஜெராக்ஸ் கடை நடத்துபவர் அப்படி வாதாடலாம். மொத்த வியாபாரமும் கிளையும் வைத்திருக்கும் உங்களுக்கு, எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே இந்த ஆட்சேபத்தை எழுப்புவார். அதனால் உங்கள் கையில் உள்ள உண்மையான பிடி அந்த மீதிப் பணம்தான்.

அதைக் கொடுக்கும் முன் வாங்கவேண்டியவை: ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல், இணைய நிறுவனத்தின் பயனர் பெயர், அமைப்புகளின் நகல் கோப்பு, உங்கள் நிறுவனத்தின் பெயரில் புது சிம். அவர் பராமரிப்புக்காகத் தனிக் கணக்கு கேட்டால் கொடுங்கள், அது நியாயமானது. உங்கள் பெட்டியின் சாவி அவரிடம் மட்டும் இருப்பது நியாயம் இல்லை.

பில்லையும் பாருங்கள். அவருடைய ஜிஎஸ்டி எண் 34 என்று தொடங்கும், உங்களுடையது 33. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். பொருளைப் பொருத்தியது பண்ருட்டியில். ஆகவே மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் விற்பனைக்கான ஐஜிஎஸ்டி வரவேண்டும். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போட்டிருந்தால் வரிக் கழிவு எடுக்கும்போது சிக்கல் வரும், மாற்றி வாங்குங்கள். பில் வேண்டாமென்றால் குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தால், வாரண்டியையும் சேர்த்துத்தான் அவர் குறைக்கிறார்.