குடும்பத்தினர் கையால் செய்து கொடுத்த பரிசுகளில் உங்களால் பிரியவே முடியாதது எது?

எனக்கு அது இரண்டு தலையணை. 2014-இல் என் கல்யாணத்துக்கு அம்மாச்சி வீட்டிலிருந்து வந்த இலவம் பஞ்சுத் தலையணைகள். இன்றைக்கும் அதில்தான் தலை வைத்துப் படுக்கிறேன். வெளியூர் போனால் அது இல்லாமல் சரியாகத் தூக்கம் வருவதில்லை.

அம்மாச்சி ஊர் போடிநாயக்கனூர் பக்கம், மலையடிவாரத்தில். போடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஏலக்காய்தான் நினைவுக்கு வரும். எங்களுக்கு இலவம் பஞ்சும் அதே அளவுக்கு முக்கியம். தாத்தாவின் தோட்டத்தில் கிணற்றடியில் ஒரே ஒரு இலவ மரம் நின்றது. காய் வெடித்துப் பஞ்சு பறக்கும் நாட்களில் வரப்பெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும்.

கல்யாணச் சீருக்குக் கட்டில், பீரோ, மெத்தை எல்லாம் அப்பா கடையில் வாங்கிவிட்டார். மெத்தையோடு இரண்டு ஸ்பாஞ்சுத் தலையணையும் வந்தது. அதைப் பார்த்ததும் அம்மாச்சி, "எவன் செஞ்சதோ, உள்ள என்ன வச்சிருக்கானோ. எம் பேத்தி தலைக்கு நம்ம மரத்துப் பஞ்சுதான்" என்று சொல்லிவிட்டார். அப்போது மாசி மாதம். கல்யாணம் வைகாசியில். பங்குனியில் காய் பழுத்துவிடும் என்பது அவர் கணக்கு.

'இலவு காத்த கிளி' என்று சொல்வோமே, காய் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குக் கடைசியில் பஞ்சுதான் மிஞ்சியது என்ற கதை. அந்த வருடம் தாத்தாவும் தினமும் மரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு வேண்டியது பஞ்சேதான். முற்றுவதற்கு முன்னால் பறித்தால் பஞ்சு சரியாகத் தேறாது. வெடிக்கும்வரை விட்டால் காற்று கொண்டுபோய்விடும். காய் பச்சை மாறிப் பழுப்பாகும் அந்தச் சில நாட்களுக்குள் இறக்கியாக வேண்டும். இலவங்கிளை சட்டென்று முறியும், ஏறுவது ஆபத்து. எழுபது தாண்டிய மனிதர் கீழே நின்றபடியே நீளத் தொரட்டியால் ஒவ்வொரு காயாக இழுத்துப் போட்டார். மாமா சாக்கில் பொறுக்கினார். ஒரு தலையணைக்குச் சுமார் 1 கிலோ பஞ்சு வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து நானூறு காய்க்குமேல் ஆனது.

உண்மையான வேலை அதற்கு அப்புறம்தான். காய்களை வெயிலில் காயவைத்து, ஓட்டை உடைத்துப் பஞ்சை எடுத்தால், அதற்குள் பயறு அளவில் கறுப்பு விதைகள் நிறைய இருக்கும். ஊரில் கொட்டை என்போம். கொட்டை தங்கிவிட்டால் தலையில் உறுத்தும், எலியும் தேடி வரும். போடியில் பஞ்சு அடிக்க மிஷின் இருக்கிறது, கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் பிரித்துத் தந்துவிடுவார்கள். அம்மாச்சி சம்மதிக்கவில்லை. ஊர்ப் பஞ்சோடு நம் பஞ்சு கலந்துவிடும் என்றார்.

எனவே பின்கட்டு அறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, அம்மாச்சி, அம்மா, அத்தை மூவரும் உட்கார்ந்தார்கள். சின்னக் காற்று வந்தாலும் பஞ்சு அறை முழுக்கப் பறக்கும் என்பதால் கதவைக்கூடத் திறக்க முடியாது. பங்குனி வெக்கையில் முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். நுனியில் குறுக்குக் குச்சிகள் கட்டிய கம்பை உயரமான கூடைக்குள் விட்டு மத்துக் கடைவதுபோல் சுழற்ற வேண்டும். கனமான கொட்டை அடியில் இறங்கும், பஞ்சு மேலே பொங்கி வரும். வந்ததை மறுபடி கையால் பிய்த்து விரல்களால் தடவிப் பார்ப்பார் அம்மாச்சி. நான்கு நாள் ஆனது. ஒருநாள் தண்ணீர் கொடுக்கக் கதவைத் திறந்தபோது பார்த்தேன். அம்மாச்சியின் புருவம், இமை, காதோரப் பூனைமுடி எல்லாம் பஞ்சு படிந்து வெள்ளையாக இருந்தது. "சீக்கிரம் சாத்து தாயி, பறக்குது" என்றார். அந்த முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

உறைக்கு நெருக்கமாக நெய்த, நீலக்கோடு போட்ட கெட்டியான மெத்தைத் துணி. மெல்லிய துணி என்றால் இழை வெளியே வந்துவிடும். அத்தை தன் தையல் மெஷினில் இரட்டைத் தையல் போட்டுத் தந்தார். பஞ்சை அடைத்துக் கடைசி வாயைக் கையால் தைத்தது அம்மாச்சி. மேலே போட அம்மா தன் பழைய சுங்குடிச் சேலையை வெட்டி நான்கு கவர் தைத்தார். பல வருடம் துவைத்துத் துவைத்துக் கன்னத்துக்கு இதமாகிப்போன துணி அது.

அப்போது போடிக்கு ரயில் கிடையாது. அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்திய ரயில் 2023 ஜூனில்தான் திரும்ப வந்தது. அதனால் மாமா சென்னைக்கு பஸ்ஸில் கொண்டுவந்தார். நசுங்கிவிடும் என்று டிக்கியில் போட மறுத்து, இரவு முழுக்க இரண்டையும் மடியிலேயே வைத்திருந்தாராம்.

உபயோகிக்காதவர்களுக்காக இந்தப் பஞ்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இலவ இழை ஒவ்வொன்றும் உள்ளே காற்று நிரம்பிய நுண்குழாய். மேலே மெழுகுப் பூச்சு உண்டு, தண்ணீர் எளிதில் ஒட்டாது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்புச் சட்டைக்கு இதைத்தான் அடைத்தார்கள். வழுக்கிக்கொண்டு போவதால் நூலாக நூற்பது கஷ்டம், தலையணைக்கும் மெத்தைக்கும் அருமை. சென்னை மே மாதத்தில்கூடத் தலை சூடேறுவதில்லை. ஆனால் துவைக்கக் கூடாது. மாதம் ஒருமுறை வெயிலில் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டால் பொம்மென்று எழும்பிவிடும். ஊதுபத்தி, கொசுவத்தி பக்கத்தில் வைக்கவே வேண்டாம், சட்டென்று பற்றிக்கொள்ளும்.

2019-இல் தாத்தா போய்விட்டார். தோட்டம் கைமாறியது. வாங்கியவர்கள் கிணற்றடி மரத்தை வெட்டிவிட்டார்கள் என்று மாமா போனில் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தத் தலையணைகள்தான். அந்த மரத்தில் இனி மிச்சம் இது மட்டும்தான்.

பத்து வருடத்தில் பஞ்சு நடுவில் கட்டி தட்டிவிட்டது. புதிதாக வாங்கிக்கொள்ளலாமே என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. 2024 சித்திரையில் இரண்டையும் எடுத்துக்கொண்டு ரயிலில் போடிக்குப் போனேன். அதே பின்கட்டு அறை, அதே சாத்திய ஜன்னல். இந்த முறை மூக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது நானும் அத்தையும். அம்மாச்சிக்குப் பார்வை வெகுவாக மங்கிவிட்டது. கதவுக்கு வெளியே உட்கார்ந்து, எப்படிப் பிய்க்க வேண்டும், எவ்வளவு நேரம் வெயில் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிய்க்கும்போது என் விரலில் ஒன்று தட்டுப்பட்டது. கொட்டை. தேடத் தேட மொத்தம் ஏழு இருந்தன. நான்கு நாள் விரலால் தடவித் தடவிப் பார்த்த கையிலிருந்து தப்பியவை. ஒன்றைக் கொண்டுபோய் அம்மாச்சி உள்ளங்கையில் வைத்தேன். உருட்டிப் பார்த்தார்.

"அன்னைக்கே கண்ணு செரியில்ல போல," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க தாத்தா மரத்துக் கொட்டை. தூரப் போட்டுராத" என்றார்.

அத்தனை வருடப் பழைய விதை முளைக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெயில் காட்டிய பஞ்சைப் புது உறையில் அடைக்கும்போது ஏழையும் ஒரு மூலையில் சேர்த்துப் போட்டேன். திறந்திருந்த வாயைத் தானே தைப்பேன் என்று அம்மாச்சி கையை நீட்டினார். ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தேன்.