கணக்கில் கட்டுப்பாடு, பணம் உள்ளே: இணைய விற்பனையாளர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கைவினைப் பொருள்களை இணையத்தில் விற்கிறேன். போன வாரம் விற்பனை திடீரென்று ஐந்து மடங்கானது. இந்த வாரம், வாங்குபவர்கள் இணையத்தில் கட்டும் பணம் வந்து சேரும் என் பேபால் (PayPal) கணக்கில் கட்டுப்பாடு விழுந்துவிட்டது. பணம் வருகிறது, ஆனால் எடுக்க முடியவில்லை. எந்தத் தப்பும் செய்யாத எனக்கு ஏன் இது?

பதில்: நீங்கள் தப்பு செய்தீர்கள் என்று யாரும் முடிவு கட்டிவிடவில்லை. அந்த நிறுவனத்தின் கவலையே வேறு. வாங்கியவர்கள் நாளைக்கே வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டால் அது யார் கையிலிருந்து போகும்? பேபாலில், பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள் வரை வாங்குபவர் புகார் எழுப்பலாம். கார்டில் கட்டியவர் தன் வங்கி வழியாகச் சார்ஜ்பேக்கும் (கட்டிய பணத்தை வங்கியே திரும்ப எடுப்பது) கேட்கலாம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பல வகைப் புகார்களுக்கு அதற்கான கெடு 120 நாள். நீங்கள் பணத்தை எடுத்துவிட்ட பிறகு புகார் வந்து, உங்கள் கணக்கும் காலியாக இருந்தால் நட்டம் நிறுவனத்தின் தலையில் விழும். விற்பனை ஐந்து மடங்கானால் அந்த நட்டமும் ஐந்து மடங்காகலாம்.

இதே கவலையைக் கிளப்பும் வேறு சங்கதிகளும் உண்டு. மலிவான பொருள் விற்ற கணக்கில் சட்டென்று விலை உயர்ந்த பொருள் வருவது, கையில் இல்லாத சரக்குக்கு முன்பதிவுப் பணம் வாங்குவது, வழக்கமில்லாத நாட்டிலிருந்து லாகின் ஆவது, அடுத்தடுத்து இரண்டு மூன்று புகார்கள் விழுவது எல்லாம் அந்த வகைதான். அடுத்த முறை பெரிய விற்பனை வரப்போவது தெரிந்தால், ஒரு வாரம் முன்பே வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி விடுங்கள்: எந்தத் தேதியில், என்ன பொருள், சுமார் எத்தனை ஆர்டர், சரக்கு கையில் இருக்கிறதா. கட்டுப்பாடு வராது என்று இதனால் உறுதி சொல்ல முடியாது. வந்தால், விளக்கம் ஏற்கெனவே கோப்பில் இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: கணக்குக்குள் போய் தீர்வு மையம் (Resolution Center) என்ற பக்கத்தைத் திறந்து, கேட்டிருக்கும் ஆவணங்களின் பட்டியலை முழுக்கப் படியுங்கள். எல்லாவற்றையும் தயார் செய்துகொண்டு ஒரே நேரத்தில் அப்லோடு செய்யுங்கள். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று தந்தால், பாதியோடு பார்த்துவிட்டு ‘போதாது’ என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம்.

கேள்வி: மூன்று முறை ஆவணங்கள் அனுப்பிவிட்டேன். மூன்று முறையும் நிராகரித்துவிட்டார்கள். காரணமும் சொல்வதில்லை.

பதில்: நிராகரிப்பு பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான் வருகிறது. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் பெயர். கணக்கில் முதலெழுத்தும் பெயரும், அடையாள அட்டையில் விரித்து எழுதிய முழுப்பெயர், வங்கியில் மூன்றாவது மாதிரி. கணினிக்கு இவை மூன்று வேறு ஆட்கள். அடையாள அட்டையில் உள்ளபடி கணக்குப் பெயரை முதலில் திருத்துங்கள். கட்டுப்பாடு இருக்கும்போது நீங்களாகத் திருத்த முடியாவிட்டால், பெயர்த் திருத்தக் கோரிக்கையாக எழுதிக் கேளுங்கள். ஆவணம் அதற்குப் பிறகு.

அடுத்தது படம். அட்டையின் நான்கு மூலைகளும் தெரிய வேண்டும். ஃபிளாஷ் போட்டு எடுத்தால் பிளாஸ்டிக் உறையில் வெள்ளையாக ஒரு திட்டு விழும். பிறந்த தேதியோ எண்ணோ சரியாக அதற்கடியில் மாட்டிக்கொள்ளும். உறையிலிருந்து எடுத்து, கருமையான மேசைமேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். கறுப்பு வெள்ளை நகல் வேண்டாம், கலர்ப் படம் வேண்டும். பின்பக்கத்தில் முகவரி இருந்தால் அதையும் எடுங்கள். அட்டை காலாவதியாகிவிட்டதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

வங்கி ஸ்டேட்மெண்ட்டில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மெயிலில் வரும் பிடிஎஃப் கோப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கும். உங்கள் போனில் அது ஏற்கெனவே திறந்து கிடப்பதால் உங்களுக்கு உறைப்பதில்லை. சரிபார்ப்பவருக்கோ திறக்கவே திறக்காது. பூட்டில்லாத கோப்பை வங்கித் தளத்திலிருந்தே இறக்குங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஓரங்களை வெட்டி அனுப்பாதீர்கள். வெட்டியதும் ஒட்டியதும் திருத்தியதாகவே தெரியும். முகவரிச் சான்று எத்தனை மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது கோரிக்கையிலேயே எழுதியிருக்கும்.

கடைசியாக, கொள்முதல் இன்வாய்ஸ். இதில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். ‘இந்தச் சரக்கு உங்களுக்கு எங்கிருந்து வந்தது?’ என்பதுதான் அங்கே கேள்வி. இன்வாய்ஸில் விற்றவரின் பெயர், முகவரி, தொடர்பு எண், உங்கள் பெயர், தேதி, பொருளின் பெயர், எண்ணிக்கை எல்லாம் இருக்க வேண்டும். நீங்கள் 200 விற்றிருக்க, 40 வாங்கிய ரசீதைக் காட்டினால் மீதி 160 எங்கிருந்து வந்தது என்ற புதுக் கேள்வி முளைக்கும். நீங்களே கையால் செய்கிற பொருளானால் மூலப்பொருள் வாங்கிய ரசீதுகளோடு, வேலை நடக்கும் இடத்தின் படங்களையும் சேருங்கள். இத்தனை மூலப்பொருளில் இத்தனை பொருள் ஆகும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஆவணங்களோடு போகும் விளக்கமும் முக்கியம். கோபத்தையும் கெஞ்சலையும் விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். உதாரணமாக: “கடந்த 7 நாளில் 212 ஆர்டர்கள். 180 அனுப்பியாகிவிட்டது; அதில் 131 சேர்ந்துவிட்டன. டிராக்கிங் எண்கள் இணைத்துள்ளேன். மீதி 32 ஆர்டர்களின் சரக்கு கையில் உள்ளது, 3 நாளில் அனுப்புவேன். விற்பனை கூடியதற்குக் காரணம் திருவிழாக் காலத் தள்ளுபடி.” இந்த ஐந்து வரி, இரண்டு பக்கக் கடிதம் செய்யாத வேலையைச் செய்யும்.

கேள்வி: புதிதாக விற்கத் தொடங்கினேன். முதல் விற்பனையின் பணம் ‘நிலுவை’ என்று காட்டுகிறது. 21 நாள் ஆகலாம் என்கிறார்கள். இதுவும் கட்டுப்பாடுதானா?

பதில்: இல்லை. கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு தொகையை மட்டும் பிடித்து வைத்திருக்கிறார்கள். புது விற்பனையாளர்களுக்குப் பேபால் இப்படி 21 நாள் வரை வைப்பதுண்டு. காத்திருக்காமல் குறைக்கவும் வழி உண்டு. டிராக்கிங் எண்ணைச் சேருங்கள். பொருள் சேர்ந்ததைக் கூரியர் உறுதிசெய்தால் சுமார் ஒரு நாளில் பணம் விடுபடும். சேவையோ டிஜிட்டல் பொருளோ ஆனால் ஆர்டர் நிலையை மாற்றிப் பதிவு செய்யுங்கள். அதிலிருந்து சுமார் 7 நாள்.

எண்ணைப் பதியும்போது கூரியர் நிறுவனத்தின் பெயரைப் பட்டியலில் சரியாகத் தேர்ந்தெடுங்கள். எண் சரியாக இருந்து கூரியர் பெயர் தவறினால் கணினி தேடுவது தவறான இடத்தில். கடைசிவரை ‘சேர்ந்தது’ என்று காட்டாது. லேபிள் அச்சிட்டுவிட்டால் அனுப்பியதாகவும் ஆகாது. கூரியர்காரர் வாங்கி முதல் ஸ்கேன் போட்ட பிறகுதான் அது அனுப்பிய பொருள்.

இதையே வைத்து ஒரு மோசடியும் நடக்கிறது, கவனம். ‘உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, டிராக்கிங் எண்ணைத் தந்தால்தான் விடுவிப்போம்’ என்று பேபால் பெயரில் ஒரு மெயில் வரும். கணக்குக்குள் போய்ப் பார்த்தால் அப்படி ஒரு பரிவர்த்தனையே இருக்காது. உண்மையில் பிடித்து வைத்த பணம் என்றால் கணக்குக்குள் அந்தப் பரிவர்த்தனை தெரியும். தெரியாதவரை பொருளை அனுப்பாதீர்கள். ‘கணக்கு முடக்கப்பட்டது, இங்கே அழுத்துங்கள்’ என்ற மெயிலுக்கும் இதேதான்: இணைப்பைத் தொடாமல், முகவரியை நீங்களே தட்டி லாகின் செய்து பாருங்கள்.

கேள்வி: கட்டுப்பாடு வந்த பயத்தில் எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன்.

பதில்: வேண்டாம். பொருள் போய்ச் சேர்ந்துவிட்டவர்களுக்கு ரீஃபண்ட் கொடுத்தால் பொருளும் போகும், பணமும் போகும். இன்னும் அனுப்பாத, அனுப்பவும் முடியாத ஆர்டர்களுக்கு மட்டும் உடனே திருப்பிக் கொடுங்கள். கட்டுப்பாடு இருந்தாலும் இருப்பிலிருந்து ரீஃபண்ட் செய்ய பொதுவாக அனுமதிப்பார்கள். பரிவர்த்தனையைத் திறந்து அதிலுள்ள ரீஃபண்ட் பொத்தான் வழியாகத்தான் செய்ய வேண்டும். ‘வேறு கணக்குக்கு அனுப்புங்கள்’ என்று வாங்கியவர் கேட்டாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். முதல் பரிவர்த்தனை அப்படியே நிற்பதால் அதன்மேல் அவர் பிறகும் புகார் கொடுக்க முடியும். பல நாடுகளில் ரீஃபண்ட் கொடுத்தாலும் விற்பனைக் கட்டணம் திரும்ப வராது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஏற்கெனவே சார்ஜ்பேக் எழுந்த ஆர்டருக்குத் தனியாக ரீஃபண்ட் கொடுக்காதீர்கள். வங்கி ஒரு பக்கம் எடுக்கும், நீங்கள் ஒரு பக்கம் கொடுப்பீர்கள். ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் போகும். கொடுக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் அந்தச் சார்ஜ்பேக்கையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிராக்கிங் எண் கொடுத்தும் புகாரில் தோற்றுவிட்டேன். பிறகு எதற்கு அந்த எண்?

பதில்: எந்த வகைப் புகார் என்று பாருங்கள். ‘பொருள் வரவில்லை’, ‘இந்தப் பணத்தை நான் கட்டவே இல்லை’ என்ற இரண்டுக்கும் டிராக்கிங் நல்ல ஆயுதம். பேபாலின் விற்பனையாளர் பாதுகாப்பும், அதாவது புகார் வந்தாலும் பணம் உங்களிடமே நிற்கும் ஏற்பாடும், இவற்றுக்குத்தான். அதுவும், பரிவர்த்தனைப் பக்கத்தில் இருக்கும் முகவரிக்கே அனுப்பியிருந்தால் மட்டும். ‘அண்ணன் வீட்டுக்கு அனுப்புங்கள்’ என்று வாங்கியவர் மெயில் போட்டு, நீங்களும் நல்ல மனதோடு அனுப்பிவிட்டால் பாதுகாப்பு போய்விடும். நேரில் வந்து வாங்கிச் சென்றதும் ‘வரவில்லை’ புகாரில் சிக்கலே. நண்பர்கள், குடும்பத்தினருக்கான வழியில் வந்த பணத்துக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த வழியில் விற்பனை செய்வதே விதிமீறல்.

‘சொன்னபடி இல்லை’ என்ற புகாருக்கு டிராக்கிங் எந்த உதவியும் செய்யாது. பொருள் வந்ததை அவரே ஒப்புக்கொள்கிறாரே! அங்கே பேசுவது விளம்பரத்தின் பிரதி, அனுப்புமுன் எடுத்த படங்கள், அளவு, எடை, குறையிருந்தால் முன்பே சொன்ன செய்தி. விலை உயர்ந்த பொருளைப் பெட்டியில் வைத்து ஒட்டும்வரை ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். டிஜிட்டல் பொருளுக்கு, டவுன்லோடு ஆன தேதி, நேரம், ஐபி முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பைக் காட்டும் எண்) பதிவும் வாங்கியவரோடு நடந்த மெயில்களும் சான்று.

தேதியையும் தவறவிடாதீர்கள். பேபாலில் தகராறு திறந்ததும் இருவரும் பேசித் தீர்க்க 20 நாள். அதற்குள் யாரும் மேலே கொண்டுபோகாவிட்டால், அதாவது பேபாலே முடிவு சொல்லட்டும் என்று கேட்காவிட்டால், அது தானாக மூடிவிடும். வாங்கியவர் அதை மறுபடி திறக்க முடியாது. மேலே போய்விட்டால் பதில் சொல்ல உங்களுக்குக் கிடைப்பது சில நாள்களே. அறிவிப்பிலுள்ள கடைசித் தேதிக்குள் பதில் போகவில்லையென்றால் சான்று எவ்வளவு இருந்தும் தோல்விதான்.

கேள்வி: கட்டுப்பாட்டை நீக்குவதாகச் சொல்லி, ஒவ்வொரு விற்பனையிலும் 10 சதவீதத்தை 90 நாள் இருப்பாக வைக்கிறார்களே?

பதில்: இது சுழலும் இருப்பு. இன்று பிடித்தது 90 நாள் கழித்து வரும், நாளை பிடித்தது அதற்கு மறுநாள் வரும். பார்க்கச் சின்னதாகத் தெரியும், கூட்டிப் பாருங்கள். தினம் 1000 விற்றால் தினம் 100 உள்ளே போகிறது. 90 நாளில் 9000. அதாவது உங்களுடைய 9 நாள் விற்பனை முழுவதும் எப்போதும் பூட்டிக் கிடக்கும். லாபம் 12 சதவீதம்தான் என்றால் முதல் மூன்று மாதம் லாபத்தில் பெரும்பகுதியைக் கண்ணால் பார்க்க மாட்டீர்கள். சரக்கு வாங்கும் பணத்தை அதற்கேற்பத் திட்டமிடுங்கள். மூன்று மாதம் புகாரில்லாமல் ஓடிய பிறகு, அந்த எண்ணிக்கைகளைக் காட்டிச் சதவீதத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் குறைப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: கணக்கை நிரந்தரமாக மூடி, மீதிப் பணம் 180 நாள் கழித்துத்தான் என்று சொல்லிவிட்டார்கள். மனைவி பெயரில் புதுக் கணக்கு தொடங்கலாமா?

பதில்: தொடங்காதீர்கள். அதே போன், அதே வங்கிக் கணக்கு, அதே முகவரி, அதே பொருள்கள்: இவற்றில் ஒன்று பொருந்தினாலே இரண்டு கணக்கையும் இணைத்துப் பார்ப்பார்கள். மனைவியின் கணக்கும் முடங்கும், அதில் இருக்கும் பணமும் 180 நாள் நிற்கும். பிறகு அவருக்கென்று நேர்மையாக ஒரு கணக்குத் தேவைப்பட்டாலும் கிடைக்காமல் போகலாம்.

அந்த 180 நாளில் செய்ய வேண்டியவை வேறு. கணக்குக்குள் நுழைய முடிகிறபோதே எல்லாப் பரிவர்த்தனை விவரங்களையும் இறக்கி வையுங்கள். வரிக் கணக்குக்கும் பின்னால் வரும் புகாருக்கும் அவை வேண்டும். புதிதாக வரும் புகார்களுக்குத் தொடர்ந்து பதில் கொடுங்கள். மூடிய கணக்குத்தானே என்று விட்டால் அந்தத் தொகை உங்கள் இருப்பிலிருந்தே கழியும். பணம் போய்ச் சேர வேண்டிய வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா, மெயில் முகவரி மாறவில்லையா என்று பாருங்கள். பணம் எடுக்கலாம் என்ற தகவல் அந்த மெயிலுக்குத்தான் வரும். 180ஆம் நாளைக் காலண்டரில் குறித்து, அன்று நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள்.

கெடு தாண்டியும் பணம் வராவிட்டால் சாட்டில் மன்றாட வேண்டாம். நிறுவனத்தின் முறையான புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள்: வழக்கு எண், கட்டுப்பாடு விழுந்த தேதி, 180 நாள் முடிந்த தேதி, நிற்கும் தொகை, கேட்பது என்ன. பதில் சரியில்லையென்றால் அடுத்த படி, அந்த நிறுவனத்துக்கு உங்கள் நாட்டில் உரிமம் கொடுத்த நிதிக் கட்டுப்பாட்டு அமைப்பு. உரிமம் யார் கொடுத்தது என்பது பயனர் ஒப்பந்தத்தில் இருக்கும். முதலில் நிறுவனத்திடமே எழுதிக் கேட்டதற்கான சான்றை அங்கே கேட்பார்கள் என்பதால், அந்த முதல் கடிதத்தையும் அது கிடைத்ததாக வந்த பதிலையும் பத்திரமாக வையுங்கள்.