ஆறு வருட லேப்டாப்பை மாற்றலாமா? புதியதை எப்படிப் பார்த்துக்கொள்வது?

உங்கள் ஆறு வருட லேப்டாப்பை ஆன் செய்தால் விண்டோஸ் திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது என்கிறீர்கள். முதலில் உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க்கா என்று பாருங்கள். ஆமாம் என்றால், எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) மாட்டினாலே பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் திறந்துவிடும்; புதியது வாங்கும் தேவையே வராது. ரேமையும் (வேலை செய்யும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) கூட்டலாம். ஆனால் மெல்லிய மாடல்கள் பலவற்றில் அது போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அங்கே வழியில்லை.

டச்பேட் லேசாக மேலே தூக்கிக்கொண்டு, அழுத்தினால் 'க்ளிக்' ஆகாமல் இருக்கிறதா? அடியில் பேட்டரி உப்பியிருக்கலாம். நான் இதை டச்பேட் கோளாறு என்றே இரண்டு மாதம் நினைத்திருந்தேன். உடனே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள் போன்றவை) 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காது என்றால், மாற்ற அது நியாயமான காரணம்தான்.

சரி, புதியது வாங்கிவிட்டீர்கள். பேட்டரிக்கு முதல் எதிரி சூடு. மெத்தையில் வைத்தால் அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடும். விசிறி இரைவதை வைத்தே கண்டுபிடிக்கலாம். கடினமான பலகைமேல் வையுங்கள். நாள் முழுக்கச் சார்ஜரிலேயே இருக்குமென்றால், செட்டிங்ஸில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். பல நிறுவனங்கள் கொடுக்கின்றன. அடிக்கடி பூஜ்யம்வரை இறக்கவும் வேண்டாம்.

அப்புறம், பழையதைக் கைமாற்றும் முன் படங்களையும் கோப்புகளையும் இரண்டு இடங்களில் நகலெடுத்து, ஒன்றிரண்டைத் திறந்தும் பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு டிஸ்க்கை அழிக்கலாம்.