நான் கை காட்டினால் எதிரே வருபவர் பதில் தருவதில்லை, நிறுத்திவிடலாமா?

கேட்டவர் அதிக விவரம் தரவில்லை. ஆனால் "ஒரே ரக ஸ்போர்ட்ஸ் கார் எதிரே வந்தால் கை காட்ட வேண்டும் என்றார்கள், நானும் காட்டுகிறேன், பாதிப் பேர் கண்டுகொள்வதே இல்லை" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், வண்டி வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், முதல் நாலைந்து தடவை பதில் வராதது மனதில் தங்கிவிட்டது என்று தோன்றுகிறது. நிறுத்தாதீர்கள். ஏன் என்று சொல்ல என் கதையைத்தான் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளும்.

அமெரிக்காவில், அட்லாண்டாவுக்கு வடக்கே இருக்கிறேன். என்னிடம் இருப்பது 1992 மாஸ்டா மியாட்டா, சிவப்பு, துணிக் கூரை, முன்விளக்குகள் பானட்டுக்குள் மடங்கிப் படுத்திருக்கும் முதல் தலைமுறை வண்டி. 2018-ல் மூன்றாவது கையாக வாங்கினேன். "116 குதிரைத்திறன் வண்டியெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா" என்று கீழே யாராவது எழுதுவார்கள், எழுதட்டும். ஆயிரம் கிலோ அளவே எடை உள்ள வண்டி, பின்சக்கரம் தள்ளுகிறது. மலைப்பாதையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அவர்கள் சொல்லட்டும்.

வாங்கிய இரண்டாவது வாரம், அக்டோபர், கூரையை மடித்துவிட்டு வடக்கு ஜார்ஜியா மலைக்குப் போனேன். சூச்சஸ் என்ற சின்ன ஊரிலிருந்து வோகல் பூங்கா பக்கம் போகும் வுல்ஃப் பென் கேப் சாலை. வளைவுக்குள் நுழைகிற நேரத்தில் எதிரே என் வண்டியைப் போலவே ஒரு சிவப்பு மியாட்டா. பகல் பதினொரு மணி. அதன் இரண்டு விளக்கும் மேலே எழுந்து மறுபடி படுத்தன. நான் பிரேக்கை மிதித்து ஓரம் கட்டினேன். ஏனென்றால் நான் வளர்ந்த ஊரில் எதிரே வருகிற வண்டி லைட் அடித்தால் "நான் வருகிறேன், நீ நில்" என்று அர்த்தம். அமெரிக்காவில் பெரும்பாலும் நேர் எதிர், "நீங்கள் போங்கள்" என்பார்கள், இல்லையென்றால் முன்னால் போலீஸ் நிற்கிறது என்பார்கள். அந்த நொடியில் எனக்கு ஊர் அர்த்தம்தான் வந்தது. கை காட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. மரியாதை தெரியாதவன் என்று அவர் நினைத்திருக்கலாம். உங்களுக்குப் பதில் தராத அந்தப் பாதிப் பேரில் என்னைப் போன்றவர்கள் எத்தனை பேரோ.

திரும்பி வரும்போது பூங்காவின் வண்டி நிறுத்துமிடத்தில் அதே சிவப்பு மியாட்டா நின்றது. எழுபதை நெருங்கும் ஒரு அம்மா. 1991-ல் புதிதாக வாங்கியதாம், அன்றிலிருந்து அவர்தான் ஓட்டுகிறார். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்: "தப்பு என்னுடையது, வளைவில் அதைச் செய்திருக்கக் கூடாது, உங்களைப் பயமுறுத்திவிட்டேன்." அப்புறம் என் வண்டிக்குள் குனிந்து, ஹசார்ட் விளக்கு, அதாவது நாலு பக்க எச்சரிக்கை விளக்குப் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றை விரலால் தட்டிக் காட்டினார். அதை அழுத்தினால் விளக்கு எரியாமலே மேலே வரும், இன்னொரு தடவை அழுத்தினால் படுத்துக்கொள்ளும். இரண்டு மோட்டாரும் கர்ர் என்று உறுமி நின்றன, இடது பக்கம் ஒரு நொடி பிந்தி எழுந்தது. "பழைய வண்டிக்கு அப்படித்தான், கவலைப்படாதீர்கள்" என்றார். அவ்வளவுதான் பேசினோம், பெயர்கூடக் கேட்கவில்லை.

வளைவில் கூடாது என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுப்பது ஆபத்து என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் தப்பில்லை. டெனசி எல்லையில் 11 மைலுக்கு 318 வளைவு என்று பெயர் வாங்கிய சாலை ஒன்று இருக்கிறதே, டிராகன் வால், அங்கே நான் யாருக்கும் கை காட்டுவதில்லை, யாரிடமும் எதிர்பார்ப்பதும் இல்லை. நேரான துண்டு வந்தால் மட்டும் இடது கையின் நாலு விரலைத் தூக்கினால் போதும், உள்ளங்கை ஸ்டியரிங்கிலேயே இருக்கட்டும்.

அந்த விரல் தூக்குவதை நான் அமெரிக்காவில் கற்கவில்லை. அப்பா அரசு பஸ் டிரைவர், பொள்ளாச்சி வால்பாறை வழித்தடத்தில் பல வருடம். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை இருக்கும். லீவு நாளில் முன்சீட்டில் உட்கார்ந்து அதை எண்ணிக்கொண்டே போவேன். மேலே ஏறும் வண்டிக்குத்தான் வழி. இறங்குகிற டிரைவர் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நிற்பார், அப்பா கடந்து போகும்போது வலது கையில் இரண்டு விரலைத் தூக்குவார், அவரும் தூக்குவார். தேயிலை லாரி, பஸ், ஜீப், எதுவானாலும் அப்படித்தான். தூக்காமல் போன ஆளைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

2022-ல் அப்பா இங்கே வந்து நாலு மாதம் இருந்தார். இந்த வண்டியில் பக்கத்தில் உட்கார வைத்து அதே மலைக்குக் கூட்டிப்போனேன். ஒரு நீல மியாட்டா எதிரே வந்து கை காட்டியது. நான் விரலைத் தூக்குவதற்குள் அப்பாவின் கை எழுந்துவிட்டது. "யாரு கண்ணு அது, தெரிஞ்சவரா?" என்றார். இல்லப்பா என்றேன். "சரி, சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குத் தயாராகக் கையை மடியிலிருந்து எடுத்துக் கதவு மேல் வைத்துக்கொண்டார்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எனக்கு ஆறவே இல்லை. ஏழு வருடமாக ஒரே தெருவில் குடியிருக்கும் ஒருவர், ஒருநாள்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை, என் வண்டி மேல் உறை போர்த்தியிருப்பது தெருவின் அழகைக் கெடுக்கிறது என்று குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்தார். உறையை எடு, இல்லையென்றால் 50 டாலர் அபராதம் என்று கடிதம் வந்தது. மார்ச் மாதம் இங்கே பைன் மரப் பூந்தூள் ஊரையே மஞ்சளாக்கும். துணிக் கூரையின் பின்ஜன்னல் பிளாஸ்டிக், தூசியோடு துடைத்தால் கீறி மங்கிவிடும், அதனால்தான் உறை. கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே ஷெட்டுக்குள் இடம் பண்ணியிருப்பேன். சரி, அது போகட்டும்.

கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர்கள் இந்தக் கை காட்டும் வழக்கத்தை ரொம்பப் பெருமையாகச் சொல்வார்கள். 1953-ல் முதல் கார்வெட் வந்தபோது அந்த வருடம் செய்ததே 300 வண்டி, எல்லாம் வெள்ளை. அப்படி ஒன்றை வைத்திருப்பவர் எதிரே இன்னொன்றைப் பார்த்தால் கை தானாகத்தான் எழும். மியாட்டாவோ 2016-லேயே பத்து லட்சத்தைத் தொட்டுவிட்டது. அரிய பொருள் என்று சொல்ல முடியாது, ஆனாலும் கை காட்டுகிறோம். பதில் வராததற்கு நூறு காரணம் இருக்கும். கண்ணாடியில் வெயில் அடித்திருக்கும், மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கிக்கொண்டிருப்பார், நேற்றுத்தான் வண்டி வாங்கியிருப்பார், வீட்டில் ஏதாவது பிரச்சினை இருக்கும். கர்வம் பிடித்தவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. என் கணக்கில் அவர்கள் கொஞ்சம்தான்.

நீங்கள் காட்டிக்கொண்டே இருங்கள். சனிக்கிழமை காலை மழை இல்லையென்றால் நான் சூச்சஸ் பக்கம்தான் இருப்பேன். நேரான சாலையில் ஒரு சிவப்பு மியாட்டாவின் விளக்கு எழுந்து, இடது பக்கம் மட்டும் ஒரு நொடி பிந்தினால், அது நான்தான்.