நெற்றியில் அக்கி: மூக்கு நுனியைப் பாருங்கள்

மனோவசிய (ஹிப்னாடிச) சிகிச்சைக்குப் பத்து முறை போனால் அக்கியின் வைரஸ் அழிந்துவிடுமா என்று அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஆனால் 65 வயதான உங்கள் தந்தைக்கு நேற்று முன்தினம் நெற்றியின் வலப்பக்கத்தில் கொப்புளம் கிளம்பியதும், அதன்மேல் காவி குழைத்து அக்கி எழுதியதும் கடிதத்தின் கடைசி வரியில்தான் வருகின்றன. என்னைக் கலங்க வைத்தது அந்த வரிதான்.

காவியை ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் அவருடைய மூக்கு நுனியையும் பக்கவாட்டையும் பாருங்கள். மூக்கு நுனிக்கும் கருவிழிக்கும் உணர்வு தருவது ஒரே நரம்புக் கிளை என்பதால், அங்கே கடுகளவு கொப்புளம் தெரிந்தாலும், கண் இன்று வெண்மையாகத் தெளிந்திருந்தாலும், அடுத்து பாதிக்கப்படப்போவது கண்ணாக இருக்கலாம். மூக்கில் ஒன்றும் இல்லாமல் கண் சிவந்தாலோ, வெளிச்சத்தில் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அதே அவசரம்தான். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்கு இன்றே அழைத்துப் போங்கள். அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது; கண் பக்கம் என்றால் அதன் பிறகும் கொடுப்போம். சிறுநீரகத்தின் நிலையறிந்து அளவை முடிவு செய்ய வேண்டியிருப்பதால், மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே வாங்கிய களிம்பு தோலோடு நின்றுவிடும். ஆனால் அக்கியைக் கிளப்புவது சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ்தான்; அது இத்தனை காலம் பதுங்கியிருந்தது நரம்பு முடிச்சில். சிவந்த கண்ணுக்கு வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விட்டுவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கி உடம்பைச் சுற்றி வளைத்தால் உயிர் போகும் என்பது வீண் பயம். ஒவ்வொரு நரம்பும் உடலின் ஒரு பக்கத்துக்கே உரியது என்பதால், அது பெரும்பாலும் நடுக்கோட்டோடு நின்றுவிடும். மூளைக்கு ஏறிவிடும் என்று நீங்கள் இணையத்தில் படித்ததும் மிக அரிதாக நடப்பது.

இனி மனோவசியம். அது வைரஸைக் கொல்லாது. வைரஸால் வரும் மருக்கள் அதனால் உதிர்ந்ததாக 1959இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வெளிவந்தது உண்மைதான்; ஆனால் மரு பல சமயம் தானாகவே உதிர்வது, காத்திருந்தால் நட்டமில்லை, கண்ணுக்கு அந்த அவகாசம் கிடையாது. புண் ஆறிய பின்னும் முதியவர்கள் சிலருக்கு, தலையில் துண்டு உரசினாலே துடிக்கும்படியான எரிச்சல் மாதக்கணக்கில் நீடிக்கும். அந்த வலியைத் தாங்கவும் இரவில் உறங்கவும், நரம்பு வலி மாத்திரைகளோடு சேர்த்து, முறையாகப் பயின்ற மனநல மருத்துவரிடம் மனோவசிய சிகிச்சை பெறுவதில் எனக்கு மறுப்பில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் எவரிடமும் தந்தையை அனுப்பாதீர்கள்.